பார்ட்டி கேட்ட ரேட்டை மறைக்க புரோக்கருக்கு உரிமை இருக்கா? வீடு மனை கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பெரும்பாதி ஒரே விஷயத்தை சுத்தித்தான் இருந்துச்சு, வீட்டையோ நிலத்தையோ விக்கிறவங்களுக்கு யார் யார் என்ன ரேட்டுக்கு கேட்டாங்கங்கிறதே முழுசா தெரியாம போறது. நானும் இதே மீடியேட்டர் தொழில்ல ரொம்ப வருஷமா இருக்கிறவன், அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் சார். சேலையூர்ல எங்க அப்பா கட்டின பழைய வீடு, ஒரு கிரவுண்ட் இடம், அம்மாவும் போனப்புறம் நானும் தம்பியும் சேர்ந்து வித்துட்டோம். எங்க புரோக்கர் கொண்டு வந்த பார்ட்டி 1 கோடியே 42 லட்சத்துக்கு முடிச்சாங்க, பத்திரமும் பதிவாகிடுச்சு. இப்ப பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, அவங்க சொந்தக்காரர் ஒருத்தர் அதே புரோக்கர்கிட்ட 1 கோடியே 55 லட்சம்னு பேசி இருக்காரு, அதுவும் எங்க அக்ரிமெண்ட் போடுறதுக்கு முன்னாடியே. புரோக்கரை கேட்டா "அது லோன் பார்ட்டிம்மா, நம்பி உக்கார முடியாது, உங்களை எதுக்கு குழப்பணும்னு சொல்லல"ங்கிறாரு. இது தப்பா, இல்ல தொழில்ல இது சகஜமா? நாங்க குடுத்த கமிஷனையாவது திருப்பி கேக்க முடியுமா? (வாசகி, சேலையூர்)

பதில்: தப்புதான்மா, சந்தேகமே வேணாம். சகஜமா நடக்குதுங்கிறதும் உண்மைதான், அதுக்காக சரி ஆயிடாது.

அவர் சொன்ன காரணத்தையே எடுத்துக்குவோம். லோன் பார்ட்டின்னா கொஞ்சம் இழுக்கும், பேங்க் வக்கீல் தாய்ப்பத்திரத்துல இருந்து ஒவ்வொன்னா கேப்பாரு, வில்லங்கம் 30 வருஷத்துக்கு போடச் சொல்லுவாங்க, மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ரேட்டை குறைச்சு போட்டா லோன் தொகையும் குறையும், அப்ப பார்ட்டி பின்வாங்கலாம், இதெல்லாம் நிஜம்தான், நானும் பார்த்திருக்கேன். ஆனா இதை எல்லாம் உங்ககிட்ட சொல்லிட்டு, "1.55க்கு ஒருத்தர் கேக்குறாரு, லோன்ல வர்றாரு, ரெண்டு மூணு மாசம் ஆகலாம், 1.42க்கு ஒருத்தர் சொந்த காசுல உடனே முடிக்கிறாரு, என் அபிப்ராயம் ரெண்டாவது ஆளு"ன்னு சொல்லி இருந்தா அது புரோக்கர் வேலை. 13 லட்சத்துக்காக மூணு மாசம் காத்திருக்கலாமா வேணாமாங்கிற முடிவை நீங்களும் உங்க தம்பியும்தான் எடுக்கணும், ஒருவேளை உங்களுக்கு அவசரமே இல்லாம இருந்திருக்கலாம், அது அவருக்கு எப்படி தெரியும்? கல்யாணப் புரோக்கர் வந்த ஜாதகத்துல ஒன்னை பையிலயே வச்சுக்கிட்டு "அது சரிப்படாதுன்னு நானே விட்டுட்டேன்"ன்னு சொன்னா எந்த வீட்லயாவது ஒத்துப்பாங்களா?

சட்டம் என்ன சொல்லுதுன்னா, நம்ம ஊர்ல இதுக்குன்னு தனியா புரோக்கர் சட்டம் கிடையாது, 1872ல போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்துலயே ஏஜென்ட் பத்தி ஒரு முழு அத்தியாயம் இருக்கு, அதுதான் அடிப்படை. உங்களுக்காக மூணாவது மனுஷன்கிட்ட பேச நீங்க அமர்த்தின ஆளு உங்க ஏஜென்ட், எழுத்துல எதுவும் இல்லேன்னாலும். பிரிவு 211 படி உங்க உத்தரவுப்படி நடக்கணும், 212 படி தொழிலுக்கு தேவையான திறமையோடயும் அக்கறையோடயும் நடக்கணும், அலட்சியத்தால நேரடியா உங்களுக்கு நஷ்டம் வந்தா ஈடு கட்டணும். 214னு ஒன்னு இருக்கு, சிக்கலான நேரத்துல உங்களை தொடர்பு கொண்டு என்ன பண்ணட்டும்னு கேட்டு வாங்க முடிஞ்ச முயற்சி எல்லாம் எடுக்கணும்னு அது சொல்லுது. லோன் பார்ட்டியா ரொக்கப் பார்ட்டியான்னு குழம்பினாரே, அந்த குழப்பம் வந்த நிமிஷமே போனை எடுத்து உங்களை கேட்டிருக்கணும். கமிஷன் பத்தி கேட்டீங்க, பிரிவு 220, ஏஜென்ட் முறைகேடா நடந்துக்கிட்ட பகுதி வேலைக்கு அவருக்கு கூலி கேக்க உரிமை இல்லைன்னு சொல்லுது.

இப்ப நடைமுறைக்கு வருவோம், உங்களுக்கு பொய் நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல. வாங்கினவர் இது எதுவும் தெரியாம காசு குடுத்து வாங்கி இருந்தா வீடு திரும்பி வராது, அந்தப் பத்திரம் நிக்கும். உங்க வழக்கு புரோக்கர் மேலதான். அதுக்கு பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்கங்கிறது மட்டும் பத்தாது, அந்த 1.55 கேட்டவர் எந்த தேதியில என்ன பேசினாருன்னு எழுதிக் குடுக்கணும், வாட்ஸப் மெசேஜ், கால் லிஸ்ட், வீடு பார்க்க வந்தப்ப எடுத்த போட்டோ எது இருந்தாலும் வாங்கி வைங்க, லோனுக்கு பேங்க்ல விசாரிச்சிருந்தா அந்த பேப்பரும். அதோட வக்கீல் மூலமா ஒரு நோட்டீஸ் விடுங்க. காசு வாங்கிட்டு செஞ்ச சேவையில குறைன்னு நுகர்வோர் ஆணையத்துக்கு போறதும் ஒரு வழி, 2019 சட்டப்படி பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள்ள போகணும், உங்க கேஸ் அதுல நிக்குமான்னு பேப்பரை பார்த்துட்டு வக்கீல்தான் சொல்லணும். நோட்டீஸ் போன உடனே கமிஷனை திருப்பிக் குடுத்து முடிச்சுக்கிற புரோக்கர்களும் உண்டு, ஏன்னா ஏரியாவுல பேர் கெட்டா அவங்களுக்கு தொழில் போச்சு.

இன்னொன்னும் விசாரிச்சு பாருங்க. லோன் பார்ட்டியை புரோக்கர் தள்ளி விடுறதுக்கு வேற காரணமும் இருக்கும், லோன்ல வர்றவங்க முழுத் தொகையையும் பத்திரத்துல காட்டச் சொல்லுவாங்க, ரொக்கப் பார்ட்டின்னா பாதியை கையில குடுப்பாங்க, கமிஷனும் கையில வரும். சொத்து விக்கிற வகையில 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குறது வருமான வரி சட்டப்படி தடை, வாங்கினா அதே அளவு தொகை அபராதமா வரலாம், அந்த அடி புரோக்கருக்கு விழாது, வித்த உங்களுக்குத்தான் விழும்.

கேள்வி: அண்ணே, காங்கேயம் பக்கம் எங்க பாட்டி சொத்து 60 சென்ட் இருந்துச்சு. புரோக்கர் "இதுக்கு மேல போகாது"ன்னு சொல்லி 18 லட்சத்துக்கு ஒருத்தர் பேர்ல கிரையம் பண்ணி குடுத்தாரு. ரெண்டு மாசம் கழிச்சு அதே நிலம் 31 லட்சத்துக்கு கைமாறி இருக்கு. விசாரிச்சா வாங்கின ஆளு புரோக்கரோட மச்சான். எதுவும் பண்ண முடியுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தம்பி, உங்க கேள்வியை படிச்சதும் எனக்கு ஒப்பந்தச் சட்டத்து 215வது பிரிவுதான் ஞாபகம் வந்துச்சு, ஏன்னா அதுல உதாரணமா குடுத்திருக்கிறதே கிட்டத்தட்ட உங்க கதைதான். ஒருத்தர் தன் நிலத்தை விக்கச் சொல்லி ஏஜென்ட்டை அமர்த்துறாரு, அந்த ஏஜென்ட் இன்னொருத்தர் பேர்ல தானே வாங்கிக்கிறான், விஷயம் தெரிய வந்ததும், முக்கியமான எதையாவது நேர்மையில்லாம மறைச்சான்னோ, அந்த வியாபாரத்துல தனக்கு நஷ்டம்னோ காட்ட முடிஞ்சா உரிமையாளர் அந்த கிரையத்தை தள்ளுபடி பண்ணலாம்னு எழுதி இருக்கு. அடுத்த உதாரணம் இன்னும் அருமை. நிலத்தை சுத்திப் பார்க்கிற ஏஜென்ட் அதுக்குள்ள சுரங்கம் இருக்கிறதை கண்டுபிடிக்கிறான், "நானே வாங்கிக்கிறேன்"ன்னு வெளிப்படையா கேட்டே வாங்குறான், சுரங்கத்தை மட்டும் சொல்லல. அப்பவும் உரிமையாளருக்கு உரிமை இருக்கு, வேணும்னா கிரையத்தை ஏத்துக்கலாம், வேணாம்னா தள்ளலாம். 150 வருஷத்துக்கு முன்னாடியே இதை யோசிச்சு எழுதி வச்சிருக்காங்கன்னா இந்தப் பழக்கம் அன்னைக்கும் இருந்திருக்குன்னுதான அர்த்தம்.

அப்ப புரோக்கர் தானே வாங்கவே கூடாதான்னா, வாங்கலாம், தாராளமா. "அண்ணே, இதை நானே எடுத்துக்கிறேன், வாங்குறது என் மச்சான் பேர்ல, பக்கத்துல பைபாஸ் வருதுன்னு பேச்சு இருக்கு, வெளிய இன்ன ரேட்டுக்கு ஒருத்தர் கேட்டாரு"ன்னு தெரிஞ்சதை எல்லாம் சொல்லி, சம்மதம் வாங்கிட்டு வாங்கணும். அதை சொல்லாம முடிச்சது உங்க விஷயத்துல பெரிய துரோகம், எனக்கு இந்த மாதிரி கேஸை கேட்டாலே ஆத்திரமா வருது, பாட்டி சொத்தை வித்து யார் யார் என்ன கடனை அடைச்சாங்களோ, அந்த 13 லட்சம் அந்த வீட்டுக்கு எவ்வளவு உதவி இருக்கும்.

சிக்கல் எங்கன்னா நிலம் இப்ப மூணாவது கைக்கு போயிடுச்சு. அவர் நல்லெண்ணத்துல, விஷயம் தெரியாம, சரியான விலை குடுத்து வாங்கி இருந்தா நிலத்தை மீட்குறது கஷ்டம், ஆனா புரோக்கருக்கு கிடைச்ச லாபத்தை கேக்கலாம், 216வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. உங்க தரப்புல நிரூபிக்க வேண்டியது, மச்சான் வெறும் பேருக்குத்தான், காசும் லாபமும் புரோக்கரோடதுன்னு. சப் ரெஜிஸ்டிரார் ஆபீஸ்ல ரெண்டு பத்திரத்துக்கும் நகல் போடுங்க, சாட்சி கையெழுத்து யார் யாருன்னு பாருங்க, 18 லட்சம் எந்த அக்கவுண்ட்ல இருந்து உங்களுக்கு வந்துச்சுன்னு பாருங்க. ஒன்னு மட்டும் அவசரம், தெரிஞ்சப்புறமும் சும்மா இருந்தா நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி வாதம் வரும், ஒரு பத்திரத்தை ரத்து பண்ண கேக்குற வழக்குக்கு விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து 3 வருஷம்தான் காலக்கெடு. இந்த வாரமே வக்கீலை பாருங்க.

கேள்வி: "எனக்கு 50 லட்சம் கைக்கு வரணும், மேல எவ்வளவு வச்சு வித்தாலும் அது உனக்கு"ன்னு புரோக்கர்கிட்ட நானேதான் சொன்னேன். அவர் 62க்கு முடிச்சிட்டாரு. 12 லட்சம் கமிஷனான்னு வயிறு எரியுது சார். இதுல அவர் மேல தப்பு சொல்ல முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: வாக்கு குடுத்தது நீங்க, அவர் அதை மீறலையே சார். 62ன்னு உங்களுக்கு தெரிஞ்சே நடந்திருந்தா அவர் மேல குத்தம் சொல்றது கஷ்டம்.

ஆனா இந்த "மேல வச்சுக்கோ" பழக்கம் இருக்கே, இது புரோக்கரை உங்க ஆளா இருக்க விடாம பண்ற பழக்கம், இதை ஒழிக்கணும்னு நான் பல வருஷமா சொல்லிட்டு வர்றேன். சாதாரணமா ஒரு பர்சன்ட் ரெண்டு பர்சன்ட்னு கமிஷன் பேசும்போது ரேட் ஏறினா உங்களுக்கும் நல்லது அவருக்கும் நல்லது. மேல வச்சுக்கோன்னு சொன்ன நிமிஷத்துல இருந்து, பார்ட்டி என்ன ரேட் கேட்டாங்கங்கிறதை உங்ககிட்ட இருந்து மறைக்கிறதுலதான் அவருக்கு லாபம், வாங்குறவரும் நீங்களும் நேர்ல உக்காந்து பேசிடக் கூடாதுன்னு பார்த்துக்கணும், "ஓனர் வெளியூர்ல இருக்காரு", "ஓனர் கோவக்காரரு"ன்னு கதை எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. அமெரிக்காவுல நிறைய மாநிலங்கள்ல இந்த மாதிரி ஏற்பாட்டையே தடை பண்ணி வச்சிருக்காங்க.

உங்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்னு இருக்கு. பத்திரத்துல எவ்வளவு போட்டீங்க? 62 போட்டிருந்தா மூலதன ஆதாயக் கணக்கு 62ல இருந்துதான் ஆரம்பிக்கும், புரோக்கருக்கு போன 12க்கு செக்கோ ரசீதோ எதுவும் இல்லாம அதை செலவா காட்டுறது சிரமம். 50 போட்டிருந்தா அந்த 12 எந்த பேப்பர்லயும் இல்லாத பணம், நாளைக்கு வாங்கினவர் பக்கம் விசாரணை வந்தா உங்க கதவையும் தட்டுவாங்க. உடனே ஒரு ஆடிட்டரை பாருங்க, புரோக்கர்கிட்ட எழுத்துல ரசீது கேளுங்க.

கேள்வி: வணக்கம் ஐயா, நாங்கள் ஸ்காபரோவில இருக்கிறம். வீட்டை விக்கப் போறம், ஏஜென்ட்டும் தமிழ் ஆள்தான். ஒரு குறிச்ச நாளில எல்லா ஓஃபரையும் ஒண்டாப் பார்ப்பம் எண்டு சொல்லுறார். மற்ற ஆக்களின்ர விலையை வாங்க வாற ஆக்களுக்குக் காட்டலாம் எண்டும் சொல்லுறார், முந்தி அப்பிடிச் செய்யேலாது எண்டெல்லோ கேள்விப்பட்டனாங்கள்? எங்களுக்குத் தெரியாமல் ஏதும் ஓஃபரை ஒளிச்சுப்போடுவாரோ எண்டும் பயமா இருக்கு. (வாசகி, டொராண்டோ)

பதில்: நீங்க கேள்விப்பட்டது சரிதான்மா, ஆனா சட்டம் மாறிடுச்சு. உங்க ஒன்டாரியோ மாகாணத்துல 2023 டிசம்பர் 1ல இருந்து ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டுகளுக்கான புது சட்டம் நடைமுறையில இருக்கு, ட்ரெஸான்னு சுருக்கமா சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி போட்டிக்கு எத்தனை ஆஃபர் வந்திருக்குங்கிற எண்ணிக்கையை மட்டும்தான் ஏஜென்ட் மத்தவங்களுக்கு சொல்லலாம், உள்ள இருக்கிற விலையை சொல்லக்கூடாது. இப்ப விக்கிறவங்க சம்மதிச்சா விலையையும் மத்த விவரத்தையும் காட்டலாம், ஆஃபர் போட்டவங்களோட பேரும் அவங்களை அடையாளம் காட்டுற விவரமும் மட்டும் வெளிய போகக்கூடாது. இதுல கவனிக்க வேண்டியது, அந்த முடிவு உங்களோடது, ஏஜென்ட்டோடது கிடையாது. "காட்டலாம்"னு அவர் சொல்றதை ஆலோசனையா எடுத்துக்கோங்க, சரின்னு பட்டா எழுத்துல சம்மதம் குடுங்க, ஒரு ஆளுக்கு காட்டி இன்னொரு ஆளுக்கு மறைக்காம எல்லாருக்கும் ஒரே மாதிரி பண்ணச் சொல்லுங்க, அதுதான் நியாயம்னு நான் நினைக்கிறேன்.

ஒளிச்சு வைக்கிற பயத்துக்கு அங்க நல்ல பாதுகாப்பு இருக்கு. எழுத்துல வந்த எந்த ஆஃபரையும் முடிஞ்ச சீக்கிரம் உங்ககிட்ட சேர்க்கணும்ங்கிறது அங்க ஏஜென்ட்டுக்கு சட்டக் கடமை. அதே மாதிரி கையில எழுத்துல ஆஃபர் இல்லாம "எனக்கு இன்னொரு ஆஃபர் இருக்கு"ன்னு சொல்லி விலையை ஏத்தவும் கூடாது, ஏத்துக்காத ஆஃபரோட நகலையோ சுருக்கத்தையோ குறைஞ்சது ஒரு வருஷம் அவங்க ஆபீஸ்ல வச்சிருக்கணும், ரெக்கோங்கிற கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டா காட்டணும். இல்லாத ஆஃபரை இருக்குன்னு சொல்ற இந்த பேய் ஆஃபர் பழக்கம் 2021, 22ல டொராண்டோ விலை எகிறினப்ப எத்தனை குடும்பத்தை பயமுறுத்தி அதிக விலைக்கு வாங்க வச்சிருக்கும்னு யோசிச்சா கஷ்டமா இருக்கு.

குறிச்ச நாளுக்கு முன்னாடியே யாராவது நல்ல விலையோட வந்தா என்ன பண்றதுன்னு இப்பவே பேசி எழுதி வச்சுக்கோங்க. அப்புறம், அதே ஆபீஸோ அதே ஏஜென்ட்டோ வாங்குறவங்களுக்கும் வேலை பார்க்கிறதா இருந்தா உங்ககிட்ட முன்கூட்டியே விளக்கி எழுத்துல சம்மதம் வாங்கணும். தமிழ் ஆளு, தெரிஞ்ச ஆளுங்கிறதால இந்த பேப்பரை எல்லாம் படிக்காம கையெழுத்து போடாதீங்க.

கேள்வி: ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குறது சரியா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நம்ம ஊர்ல அதுதான் வழக்கம், விக்கிறவருக்கும் வாங்குறவருக்கும் தெரிஞ்சே நடந்தா நான் அதை தப்புன்னு சொல்ல மாட்டேன். மறைச்சு வாங்குனாத்தான் தப்பு. ஆனா ரெண்டு பக்கம் காசு வாங்குறவர் ஒரு பக்கத்து ரகசியத்தை மறு பக்கத்துக்கு விக்கக்கூடாது, "ஓனருக்கு பொண்ணு கல்யாணம், 80 வரைக்கும் இறங்குவாரு"ன்னு பார்ட்டி காதுல போடுறது நிறைய நடக்குது, அந்த ஒரு வரியில ஓனருக்கு லட்சக்கணக்குல போயிடும். சிங்கப்பூர்ல ஒரே டீல்ல ஒரே ஏஜென்ட் ரெண்டு பக்கத்துக்கும் வேலை பார்க்கவே கூடாதுன்னு 2010ல சட்டமே போட்டாங்க. இங்க அப்படி வர்ற வரைக்கும் விக்கிறவங்க செய்ய வேண்டியது, உங்க கடைசி ரேட்டையும் உங்க அவசரத்தையும் புரோக்கர்கிட்டயே கூட சொல்லாதீங்க.

கேள்வி: சார், நாங்க முஸ்லிம் குடும்பம். கும்பகோணத்துல ஒரு வீடு பிடிச்சுப் போய் கேட்ட ரேட்டுக்கே ஓகே சொன்னோம். புரோக்கர் எங்க பேரை கேட்டுட்டு, "ஓனர்கிட்ட பேசிட்டேன், வேணாம்னுட்டாங்க"ன்னாரு. அப்புறம் ஒரு கல்யாணத்துல அந்த ஓனரையே பார்த்து பேசினப்ப "அப்படி யாரும் கேட்டதா எனக்கு தெரியவே தெரியாதே"ன்னு அவரே வருத்தப்பட்டாரு. வீடு அதுக்குள்ள கம்மி ரேட்டுக்கு போயிடுச்சு. (வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன். மன்னிச்சுக்கோங்கன்னு எங்க தொழில் சார்பா சொல்லணும்னு தோணுது.

இதுல ரெண்டு பேருக்கு அநியாயம் நடந்திருக்கு. உங்களுக்கு வீடு கிடைக்கல, அந்த ஓனருக்கு கேட்ட முழு ரேட் வந்தும் அவர் கைக்கு வரல, அதுவும் அவர் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் வாய்ல வச்சிருக்காரு புரோக்கர். ஓனருக்கு பிடிக்காதுன்னு அவரா முடிவு பண்ணிக்கிட்டாரு. இது மதத்துல மட்டும் நடக்குறதில்ல, சாதி பார்த்து, கறி சாப்பிடுவாங்களான்னு பார்த்து, தனியா இருக்கிற பொம்பளையான்னு பார்த்து, வந்த பார்ட்டியை வாசலோட திருப்பி அனுப்புறாங்க, ஓனருக்கு இப்படி ஒருத்தர் வந்தாங்கன்னே தெரியாது. அமெரிக்காவுல 1968லயே வீடு விக்கிறதுல இனம், மதம் பார்த்து ஒதுக்குறது குத்தம்னு சட்டம் போட்டாங்க, ஏஜென்ட்டுகளுக்கும் அது பொருந்தும். நம்ம ஊர்ல தனியார் வீட்டு விற்பனைக்கு அந்த அளவு நேரடியா ஒரு சட்டம் இல்லாதது பெரிய குறை. ஆனா ஓனர் பக்கம் இருந்து பார்த்தா மேல சொன்ன ஒப்பந்தச் சட்டம் இங்கயும் வரும், வந்த ஆஃபரை மறைச்சதால அவருக்கு நஷ்டம், அவர் கேக்கலாம். அவர் வருத்தப்பட்டார்னு சொல்றீங்களே, அந்த நல்ல மனுஷன் புரோக்கர்கிட்ட நேர்ல கேட்டாருன்னா அடுத்த குடும்பத்துக்காவது உதவும். நீங்க அடுத்து வீடு பார்க்கும்போது ரேட்டையும் எப்ப எப்படி பணம் தருவீங்கங்கிறதையும் ஒரு பேப்பர்ல எழுதி, முடிஞ்சா ஓனருக்கே ஒரு நகல் போய் சேர்ற மாதிரி பாருங்க.

கேள்வி: அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கியாச்சு. இப்ப 6 லட்சம் கூட குடுக்க ஒருத்தர் வர்றாரு. "அட்வான்ஸை டபுளா திருப்பிக் குடுத்துட்டா போதும்"ங்கிறாரு புரோக்கர். செய்யலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வேணாம்மா. கூட ரேட்டு வந்திருக்குன்னு உங்ககிட்ட சொன்னதுல தப்பு இல்ல, மறைக்காம சொன்னாரு, ஆனா கூடவே குடுத்தாரே யோசனை, அது மோசமான யோசனை. டபுள் அட்வான்ஸ் குடுத்தா கணக்கு தீர்ந்துச்சுங்கிறது சட்டத்துல எங்கயும் பொதுவிதியா இல்ல. அக்ரிமெண்ட்லயே அப்படி ஒரு ஷரத்து இருந்தாக்கூட அதை வச்சு தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க, வாங்குறவர் "எனக்கு காசு வேணாம், வீட்டை எழுதிக் குடு"ன்னு கோர்ட்டுக்கு போகலாம், 2018ல குறித்தவகை நிவாரணச் சட்டத்தை திருத்தினப்புறம் அந்த மாதிரி வழக்குல கோர்ட்டு ஒப்பந்தத்தை நிறைவேத்தச் சொல்றதுதான் பொது வழி ஆயிடுச்சு, முன்ன மாதிரி கோர்ட்டு விருப்பத்துக்கு விட்ட விஷயமா இல்ல. வழக்கு ஓடுற வரைக்கும் சொத்தை யாருக்கும் நிம்மதியா விக்க முடியாது. புது ஆள்கிட்ட நம்பர் வாங்கி வைங்க, முதல் பார்ட்டி கெடுவுக்குள்ள பணம் கட்டாம அவங்களாவே விலகினா எழுத்துல ரத்து பண்ணிட்டு அப்புறம் பேசலாம். புரோக்கருக்கு ரெண்டாவது டீல்லயும் கமிஷன் உண்டுங்கிறதையும் மறந்துடாதீங்க.

கேள்வி: ஆஃபரை மறைச்ச புரோக்கர் மேல ரெராவுல புகார் குடுக்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: நீங்க வித்தது என்ன சொத்துங்கிறதை பொறுத்தது. ரெராங்கிறது ரியல் எஸ்டேட் தொழிலை கட்டுப்படுத்துற அமைப்பு, அதுக்கான 2016 சட்டத்துல ஏஜென்ட்டுக்கு பதிவு கட்டாயம், முறையற்ற வியாபாரம் பண்ணக் கூடாதுன்னும் இருக்கு, ஆனா அது எல்லாம் ரெராவுல பதிவு பண்ண வேண்டிய பில்டர் புராஜெக்ட், லே அவுட் சம்பந்தப்பட்டது, பொதுவா 500 சதுர மீட்டருக்கு மேல இல்ல 8 யூனிட்டுக்கு மேல இருக்கிற புராஜெக்ட். தாத்தா கட்டின தனி வீட்டை விக்கும்போது அந்த வழி பெரும்பாலும் உதவாது, ஒப்பந்தச் சட்டம்தான்.

கேள்வி: அண்ணே, நான் இப்பத்தான் புரோக்கர் தொழிலுக்கு வந்திருக்கேன். ஒரு ஓனர் 90 லட்சம் சொல்றாரு, ஒரு பார்ட்டி 65க்கு கேக்குறாங்க. போய் சொன்னா ஓனர் என்னைத்தான் திட்டுவாரு. சொல்லணுமா? இன்னொன்னு, வேற புரோக்கர் கொண்டு வர்ற பார்ட்டின்னா கமிஷன்ல பாதி போயிடும், அதை கொஞ்சம் நிறுத்தி வச்சு என் பார்ட்டியை முதல்ல காட்டலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, வெளிப்படையா கேட்டதுக்கு சந்தோஷம். 65ஐ சொல்லுங்க. திட்டினா திட்டட்டும், ஒரு வாரத்துல அவரே போன் பண்ணி "அந்த 65 பார்ட்டி கொஞ்சம் ஏறுவாங்களா"ன்னு கேட்டதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். கம்மி ரேட்டும் தகவல்தான், மார்க்கெட் என்ன சொல்லுதுன்னு ஓனருக்கு வேற எப்படி தெரியும், அதை மறைச்சா அவர் ஒரு வருஷம் 90லயே நின்னுக்கிட்டு இருப்பாரு. தொந்தரவா இருக்குன்னா வேலை எடுக்கும்போதே கேட்டுக்கோங்க, "ஐயா எந்த ரேட்டுக்கு கீழ வந்தா உங்களுக்கு சொல்ல வேணாம்?"னு. அவர் 75ன்னு சொன்னா அது அவரோட உத்தரவு, அப்ப 65ஐ நீங்க விடலாம்.

ரெண்டாவது கேள்விக்கு, கூடாது. ஆஃபர் மறைக்கிறதுக்கு உண்மையான காரணம் பத்துல எட்டு இடத்துல இதுதான்னு என் அனுபவத்துல சொல்றேன், லோன் பார்ட்டி, நம்பிக்கை இல்லாத பார்ட்டிங்கிறது எல்லாம் அப்புறம் சொல்ற சாக்கு. வேற புரோக்கர் பார்ட்டி 5 லட்சம் கூட குடுக்கிறான்னு வைங்க, ஒரு பர்சன்ட் கமிஷன்ல பாதியை நீங்க காப்பாத்தப் போய் உங்களை நம்பின மனுஷனுக்கு 5 லட்சம் போகுது. ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி, ஓனர் முன்னாடி வைங்க. எது உங்க பார்ட்டி, எதுல உங்களுக்கு எவ்வளவு வருதுங்கிறதையும் சொல்லிடுங்க, அப்புறம் உங்க அபிப்ராயத்தை சொல்லுங்க. அப்படி சொல்ற புரோக்கரை ஓனர் தன் சொந்தக்காரங்களுக்கு எல்லாம் சொல்லி அனுப்புவாரு.

கேள்வி: புரோக்கர்கிட்ட அக்ரிமெண்ட் எல்லாம் போட்டா கோச்சுக்குவாங்க சார். சுலபமா வேற என்ன வழி? (வாசகி, விழுப்புரம்)

பதில்: வாட்ஸப்ல ஒரு மெசேஜ் போதும்மா, அவர் "ஓகே"ன்னு பதில் போட்டுட்டா அது நாளைக்கு உங்களுக்கு நல்ல ஆதாரம். இப்படி அனுப்புங்க: "வணக்கம் அண்ணே, நம்ம வீட்டை விக்க உங்ககிட்ட பேசினபடி கமிஷன் 1 பர்சன்ட், கிரையம் முடிஞ்ச அன்னைக்கு அக்கவுண்ட்ல தர்றோம். யார் என்ன ரேட் கேட்டாலும், கம்மியா இருந்தாலும், வேற புரோக்கர் மூலமா வந்தாலும், அன்னைக்கே இதே நம்பர்ல எழுதி அனுப்புங்க, ரேட்டு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை மாசம், லோனா சொந்த காசா, நாலும் வேணும். நீங்களோ உங்க சொந்தக்காரங்களோ வாங்குறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. வாங்குறவங்ககிட்டயும் கமிஷன் உண்டுன்னா அதையும் சொல்லுங்க. எங்களை கேக்காம யார்கிட்டயும் டோக்கன் வாங்க வேணாம்."